அடையாளத் தொகை

ஓரகத்தி என்ற உறவை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, கையில் கிடைத்தால் மூத்தவள் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள்கள் இருவருக்கும் அரசாங்க உத்தியோகம். மூத்தவள் நிதித்துறையில் துணைச் செயலாளர். மற்ற துறைகள் பட்ஜெட்டுக்கு அனுப்பும் திட்டங்களைப் படித்து, எதற்கு எவ்வளவு பணம் என்று எழுதுவது அவள் வேலை. இளையவள் சமூக நலத்துறை. திட்டம் போடுவதும், போட்டதை நாலு பேர் மெச்சும்படி எடுத்துச் சொல்வதும் அவளுக்குக் கைவந்த கலை.

வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் மூத்தவள். "சின்னவதான் என்னை நல்லா பாத்துக்கிறா" என்று பேர் வாங்குபவள் இளையவள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதையெல்லாம்கூட மூத்தவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் பட்ஜெட் உரை அவளுடைய இடம். அதில் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கணவனை இழந்த பெண், வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் பதிவு வரி கிடையாது என்ற சலுகை. முழுக்க முழுக்க அவளுடைய யோசனை. அந்த வரியைக் கட்ட அம்மாவுக்கு வழியில்லாமல், செத்துப்போன அப்பா பெயரிலேயே கிடந்த வீட்டைச் சித்தப்பாக்கள் சுருட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவள் அவள். வருடாவருடம் எழுதி அனுப்புவாள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று வருடாவருடம் திரும்பி வரும். இந்த முறைதான் அதிசயமாக, உரையின் வரைவில் நாலு வரியாக ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து இளையவளின் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. எல்லாப் பேருந்து நிலையங்களிலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. உள்ளே தாழ்ப்பாள், விளக்கு, பையை மாட்ட ஒரு கொக்கி. படிக்கப் படிக்க மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டம் மோசமாக இருந்தால் பரவாயில்லை, நன்றாக அல்லவா இருந்தது! பையைப் பல்லில் கடித்துக்கொண்டு எத்தனை நிலையங்களில் அவள் அவதிப்பட்டிருக்கிறாள். அந்தக் கொக்கி தனக்குத் தோன்றவில்லையே! தோன்றினால் இவளுக்குத்தான் தோன்ற வேண்டுமா?

நிதியமைச்சர் ஏற்கெனவே ஒரு முறை பார்த்த கோப்பு என்பதால் வேண்டாமென்று எழுத முடியாது. ஆனால் நிதித்துறையில் இதற்கெல்லாம் வழியா இல்லை? திட்டத்தின் பெயரை மட்டும் கணக்கில் வைத்துவிட்டு, ஒப்புக்கு ஒரு சின்னத் தொகையை எதிரே போடலாம். அடையாளத் தொகை என்று பெயர். அப்புறம் அந்தத் திட்டம் செத்ததென்றும் சொல்ல முடியாது, பிழைத்ததென்றும் சொல்ல முடியாது. "இந்த ஆண்டுக்கு அடையாளத் தொகை போதும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அலுவலக டீகூட அவளுக்கு இனித்தது.

உரை அச்சுக்குப் போகும் நாள் மத்தியானம் நிதிச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். கஜானா காலி, சபையில் கைதட்டல் வாங்க ஒன்றுமே இல்லை என்று அமைச்சர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறார். செலவில்லாத அறிவிப்பு ஏதாவது தேறுமா என்று பட்டியலைப் புரட்டியவர் கண்ணில், கோடிகளுக்கு நடுவே அந்தத் துளியூண்டு தொகை பட்டுவிட்டது.

"இவ்வளவு நல்ல திட்டம் இவ்வளவு மலிவான்னு துள்ளிக் குதிச்சிட்டார் மேடம். உரையில முதல் அறிவிப்பே அதுதான். இந்த வருஷமே எல்லா பஸ் ஸ்டாண்டுலயும் கட்டணுமாம்."

மூத்தவள் அவசரமாக இடைமறித்தாள். "சார், அது வெறும் அடையாளத் தொகை. அதுல ஒரு கதவுகூட வாங்க முடியாது."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'போதும்னு உங்க ஆள்தானே எழுதியிருக்காங்க'ன்னு உங்க கையெழுத்தைக் காட்டுறார். முதல்வர்கிட்டயும் சொல்லிட்டாராம், இனி பின்வாங்க மாட்டார். சாயங்காலத்துக்குள்ள பணத்துக்கு வழி பண்ணுங்க. உரையில இருக்கிற மத்ததெல்லாம் பேசி முடிச்சாச்சு, கைவைக்க முடியாது. யாருக்கும் வாக்குக் கொடுக்காதது ஒண்ணுதான் பாக்கி."

"சார்... என்னோட பதிவு வரிச் சலுகையா? அதை மட்டும் விட்டுடுங்களேன், ப்ளீஸ்."

"வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

வழி இருந்தால் அவளுக்குத் தெரியாதா? சலுகையை எடுத்துவிட்டால் அரசுக்கு மிஞ்சும் வருமானத்தில் கழிப்பறைகளைக் கட்டிவிடலாம். வரைவை வாங்கிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். நாலு வரியையும் ஒரே கோட்டில் அடிக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு வரியாக அடித்தாள். பாவி, இளையவளுக்கு வெட்டிய குழியில் தானே போய் விழுந்தோமே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் சபையில் மேசைகள் அதிர்ந்தன. மாலையில் வீட்டுக்குள் காலை வைக்கும்போதே இளையவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா! நீங்க பண்ணது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. செலவு கம்மின்னு காட்டி நைசா உள்ளே நுழைச்சுட்டீங்க இல்ல? எங்க ஆபீசே உங்க மூளையைப் பத்திதான்க்கா பேசுது!"

"பெரியவளுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சண்டாளி, கொஞ்சம் திமிராகவாவது நடந்துகொள்ளக் கூடாதா? இப்படிக் கள்ளங்கபடமில்லாமல் இளித்தால் இவளை எப்படித்தான் வெறுப்பது?

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆமாக்கா, உங்க சலுகை எங்கே? கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேட்டேன், வரவே இல்லையே. யாருக்கா வெட்டினது?"

"யாரோ. பணமில்லைன்னு எடுத்துட்டாங்க."

"அடப்பாவமே! விடுங்கக்கா, அடுத்த வருஷம் நான் அமைச்சர்கிட்ட பேசுறேன். எதுன்னாலும் நேரா வந்து சொல்லும்மான்னு இன்னிக்கு அவரே சொன்னார். நான் சொன்னா கேப்பார். உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

மூத்தவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. உன் தயவு எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வேறு வார்த்தைதான் வந்தது.

"சொல்லும்மா" என்றாள். "மறந்துடாதே."