சிவப்பு வாளித் தண்ணீர்

அந்த வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒரே தடவையில் சாக்கடைக்குப் போய்விட முடியாது. அகலத் தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். தேங்கியதை நீல வாளியில் மொண்டு தரை துடைக்க வைக்க வேண்டும். துணி அலசியது பச்சை வாளிக்கு, அது கழிப்பறையில் ஊற்ற. அரிசியும் காய்கறியும் கழுவியது சிவப்பு வாளிக்கு, அது மொட்டைமாடிச் செடிகளுக்கு. வாளி மாறினால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும்.

சட்டம் போட்டது மாமியார். குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை மீட்டரம்மா என்பார்கள். மருமகளால் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போனால் கதவில் டொக் டொக்கென்று சத்தம் வரும்.

"ஏம்மா, உள்ள என்ன நீச்சல் பழகுறியா?"

பால் பாக்கெட்டைக் கழுவிக் கம்பியில் காயப்போடுவது, ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்துவது, துணிப்பை மறந்தால் வெங்காயத்தைக் கையில் அள்ளிக்கொண்டு வருவது எல்லாமே நல்ல பழக்கங்கள்தான். அதை அவள் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. தினமும் அங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் பிளாஸ்டிக்கைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்காது. அவளை எரிச்சலூட்டியது வேறு. அந்தச் சட்டம் வீட்டில் ஒரு ஆளைத் தொடவே இல்லை. கணவன் குளிக்கும்போது ஷவர் கொட்டிக்கொண்டே இருக்கும். கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

"அவன் ஓட்டல் அடுப்புல வெந்துட்டு வர்றான்மா. ரெண்டு சொம்பு கூட ஊத்திக்கிட்டா உனக்கு என்ன வலிக்குது?" என்பார் மாமியார்.

வலித்தது. அதனால்தான் தனியாகப் போய்விடுவது என்று முடிவானது. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாகக் கணவன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வீடு கை நழுவினால் இவன் இன்னொரு தடவை வாயைத் திறக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செடிகள் செத்தன.

காலையில் மாடிக்குப் போன மாமியார் இறங்கி வந்தபோது கையில் ஒரு தக்காளிச் செடி வேரோடு தொங்கியது. இலைகளெல்லாம் வெளுத்துச் சுருண்டிருந்தன. பீன்ஸ், மிளகாய், புதினா என்று ஒன்றுகூடத் தப்பவில்லையாம்.

"மோந்து பாரு," என்று வேர்மண்ணை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். "ஜலதோஷம் புடிச்ச எனக்கே இன்னிக்கு வாடை வருது. நேத்து சாயங்காலம் மூக்கு சுத்தமா அடைச்சிருந்துது. சிவப்பு வாளியில இருந்ததை நம்பித் தூக்கிட்டுப் போய் நானே என் கையால ஊத்தியிருக்கேன்."

அவள் முகர்ந்தாள். பிளீச்சிங் பவுடர்.

"இந்த வீட்டுக்குள்ள அந்தச் சனியனை நான் சேர்க்கிறதில்லை. ஆஸ்பத்திரியில பீப்பா பீப்பாவா இருக்கும். யார் கொண்டு வந்திருப்பா?"

"நேத்து பூரா நான் டியூட்டியில இருந்தேன் அத்தை."

"காலையில ஊற வெச்சுட்டுப் போயிருப்பே. நான் என்ன சின்னக் குழந்தையா? என் மேல இருக்கிற காட்டத்தைச் செடி மேல காட்டியிருக்கே. பச்சைப் புள்ளைங்க மாதிரி வளத்தேன்."

"அப்படிக் காட்டணும்னா நேரா உங்க மேலயே காட்டத் தெரியாதா எனக்கு?"

வார்த்தை எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்துகொண்டது. மாமியார் குரலைத் தணிக்கவில்லை. வந்த நாளிலிருந்து அவள் அதிகமாகச் செலவழித்த தண்ணீர், கூடுதலாகத் திருகிய குழாய், அணைக்க மறந்த விளக்கு எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி ஒப்பித்தார். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போனது. முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அங்கே கொடியில் கணவனின் சமையல் கோட்டு தொங்கியது. வெள்ளிக்கிழமை அதன் நெஞ்சுப் பக்கம் முழுக்க மஞ்சள் குழம்புக் கறை. துவைத்துப் பார்த்துப் போகவில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். இப்போது கோட்டு கண் கூசும் வெள்ளையாக இருந்தது.

நேற்று மத்தியான இடைவேளையில், மாமியார் கண்ணசந்த நேரத்தில், அவன் வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். ஓட்டல் பவுடரைக் கொண்டு வந்து, கைக்கு எட்டிய வாளியில் கோட்டை ஊறவைத்து, பிழிந்து காயப்போட்டுவிட்டு, தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எந்த வாளி எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவை அவனுக்கு வந்ததே இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மாமியார் சாதத்தை வைத்துக்கொண்டே கரித்துக் கொட்டினார். அவன் குனிந்த தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தான்.

"உங்க கோட்டு நல்லா வெளுத்திருக்குங்க," என்றாள்.

அவன் கை நின்றது. மாமியார் மகனைப் பார்த்தார், ஜன்னல் வழியே கொடியைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். முப்பது வருஷம் ஒழுகும் குழாயைத் தேடிப் பிடித்த கண்ணுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"தெரியாமப் போச்சும்மா," என்றான் அவன். "ஏதோ ஒரு வாளின்னு நெனச்சேன்."

தன்னிடம் ஒரு வார்த்தை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஒரு 'சரி'கூடப் போதும்.

"அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமியார், அவளைப் பார்த்து. "எது எந்த வாளின்னு நீ சொல்லிக் குடுத்திருக்கணும். பொண்டாட்டின்னு எதுக்கு இருக்கே?"

அவள் கணவனைப் பார்த்தாள். 'அவ தப்பு இல்லம்மா' என்பது அப்படியொன்றும் பெரிய வாக்கியம் இல்லை. அவன் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான்.

"வீட்டு விஷயத்தையாவது சொல்லுங்க," என்றாள் அவள்.

"அப்புறம் பேசிக்கலாமே. இப்பவேவா?"

"எந்த வீடு?" என்றார் மாமியார்.

அவள்தான் சொன்னாள். தெரு, மாடி, அறைகள் என்று எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் முகவரி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நொடிதான். அடுத்த நொடி விரல்களை மடக்க ஆரம்பித்தார்.

"இங்க இடமா இல்லை? அங்க இன்னொரு ஃபிரிட்ஜ், இன்னொரு அடுப்பு, இன்னொரு வாஷிங் மெஷின். ஒரு வீட்டுல எரியற விளக்கு ரெண்டு வீட்டுல எரியணும். வெறும் ரெண்டு பேருக்காக இவ்வளவு சாமான். இந்த பூமி என்னத்துக்கு ஆகும்னு நெனச்சுப் பாத்தியா?"

"ரெண்டு பேருக்குன்னு யார் சொன்னா அத்தை?"

கணவன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"என்ன பேசுறே நீ?"

"அவங்க சொல்றதுல நியாயம் இருக்குங்க. அவ்வளவு சாமான் வேண்டாம். எனக்கு ஒரு அடுப்பும் ஒரு விளக்கும் போதும்."

கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். எண்ணைத் தப்பாக அழுத்தி மறுபடி அழுத்தினாள். எடுத்த வீட்டுக்காரர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று மறுபடியும் கேட்டார்.

"நான் ஒருத்திதான்," என்றாள். "நாளைக்கே வந்துடறேன்."

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. எழுந்து வருகிறானோ என்று பார்க்க அவள் திரும்பவில்லை. சத்தம் அதோடு நின்றுபோனது.

"நீ உக்காந்து சாப்பிடு கண்ணு," என்றார் மாமியார். "ஆறிடப் போகுது."

நாற்காலி மறுபடி முன்னுக்கு நகர்ந்தது.