பாஸ்டர் வீட்டு சோபா

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அது சோபாக்காரர் கடைதான். கிழிந்த சோபா, அமுங்கிப்போன நாற்காலி, பூனை பிறாண்டிய மெத்தை என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் நாலு நாளில் புதுசாக்கித் தருவார். கைவேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரே ஒரு கோளாறு, குடி. பதினெட்டு வருஷக் குடி. அதையும் விட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்ன, கட்டின மனைவியே நம்பிக்கொண்டிருந்தாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? சபையில் அத்தனை பேர் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்ன மனுஷன் ஆயிற்றே! குடியை நிறுத்தி முப்பத்து மூன்றாவது நாள் அது. "கர்த்தர் என்னை விடுவிச்சுட்டாரு. இனிமே இந்த நாக்குல ஒரு சொட்டு படாது" என்றார். சொன்னபோது அது பொய் இல்லை, அதுதான் கொடுமை. மனதார நம்பித்தான் சொன்னார். சபை முழுக்க அல்லேலூயா என்று கைதட்டியது. பாஸ்டர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறே அவர் மனைவி இடம் மாறினாள். அதுவரைக்கும் அவளுக்குக் கதவோரத்துக் கடைசி பெஞ்சுதான். கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுவாள். இருந்தால் யாராவது வந்து, "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டுத் தொலைப்பார்களே. இப்போது ஜம்மென்று இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "பின்னால ஃபேன் இல்ல. இங்க காத்து நல்லா வருது" என்றாள். ஃபேனாம், காற்றாம்! சோபாக்காரருக்குத் தெரியாதா? அன்று அவளுடைய நிமிர்ந்த முதுகை மூன்று வரிசை தள்ளி இருந்து பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐம்பத்திரண்டாவது நாள் அவர் குடித்துவிட்டார்.

பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. செத்தது யாரும் இல்லை, சண்டை போட்டதும் யாரும் இல்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் தையல் கோணல் என்று கத்திவிட்டுப் போனார், இவர் ஒரே ஒரு வாய் என்று கிளம்பினார். அந்த ஒரு வாய் ஒரு வாரத்தில் காலை பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று என்று மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. வாடை தெரியாமல் இருக்க வாயில் கிராம்பு. வீட்டில் பல்வலி என்று சொல்லிவைத்தார். அவள் பாவம், அதை நம்பி ஒரு டப்பா நிறையக் கிராம்பு வாங்கிவந்து, "பாத்து மெல்லுங்க, வாய் வெந்துடப் போகுது" என்று கையில் கொடுத்தாள்.

தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபம் நடக்கும். "எங்க வீட்டுக்காரரைத் திருப்பிக் குடுத்தீங்களே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்பாள் அவள். பக்கத்தில் முழங்காலில் இருக்கிற இவர் அதற்கு ஆமென் சொல்ல வேண்டும். சொன்னார், சொல்லாமல் எப்படி? தானாக ஜெபிப்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஜெபிப்பது?

இனி பாட்டில் கதைக்கு வருவோம். சோபாவைக் கவிழ்த்தால் அடியில் ஒரு கறுப்புத் துணி இருக்கும், ஸ்பிரிங்குகள் வெளியே தெரியாமல் இருக்க வைத்து அடிப்பது. கடைக்கு வந்திருந்த பாஸ்டர் வீட்டு சோபாவில், அந்தத் துணியின் ஓர் ஓரத்துக்கு மட்டும் ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் விட்டுவைத்து, உள்ளே இரண்டு ஸ்பிரிங்குக்கு நடுவில் பாட்டிலைச் செருகியிருந்தார். போயும் போயும் பாஸ்டர் வீட்டு சோபாவா கிடைத்தது என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கடையில் கூட வேலை செய்கிற மச்சான், மனைவியின் தம்பி, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். எல்லா மூலையையும் குடைவான். பாஸ்டர் சோபா என்றால் மட்டும் பயபக்தியோடு நாலடி தள்ளி நிற்பான். அதனால்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்பாஞ்சு வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார். சோபா இருந்த இடம் காலியாக இருந்தது.

"அத்தான், ஒரு ஓரம் பின் அடிக்க மறந்துட்டீங்க" என்றான் மச்சான், ஏதோ பரிசு கிடைத்த முகத்தோடு. "நானே அடிச்சு, வண்டி வெச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். நாளைக்கு அவங்க வீட்டுல ஜெபக்கூட்டம்ல! பாஸ்டரம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்."

சோபாக்காரர் ஸ்பாஞ்சைக் கீழே போட்டார். "நல்லா அடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"இருபது பின் அடிச்சிருக்கேன். யாராலயும் பிரிக்க முடியாது!"

வீட்டுக்குப் போனால் அங்கே அடுத்த இடி காத்திருந்தது. மனைவி அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஒரு வேன் டிரைவரைக் கூட்டிட்டு வராங்களாம். சரியான குடியாம். நீங்கதான் தலையில கை வெச்சு ஜெபிக்கணும்னு பாஸ்டர் சொல்லிவிட்டிருக்காரு" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல், கை கழுவப்போகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாஸ்டர் வீட்டு முன்னறையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். வேன் டிரைவர் நல்ல கனத்த ஆள். ஷேவ் செய்து, தலையைப் படிய வாரி, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்த்துவிட்ட பிள்ளை மாதிரி நின்றார். "விடுதலை கிடைச்சவரும் கிடைக்கப்போறவரும் ஒண்ணா உக்காருங்க" என்று பாஸ்டர் சிரித்துக்கொண்டே இருவரையும் அந்த சோபாவிலேயே உட்கார வைத்தார். டிரைவர் தொப்பென்று உட்கார்ந்தார்.

ணங் என்றது. பிறகு, களக்.

எல்லோரும் சோபாவைப் பார்த்தார்கள். "என்ன சத்தம் அது?" என்றார் பாஸ்டரம்மா.

"ஸ்பிரிங்கும்மா" என்றார் சோபாக்காரர். குரல் பிசிறவே இல்லை. பொய்யில் அவ்வளவு தேர்ச்சி! "ஒரு கொக்கி கழண்டிருக்கும். திங்கக்கிழமை கடைக்கு எடுத்துட்டுப் போய் சரி பண்ணிடறேன்."

"அதுக்கென்ன, மெதுவா எடுத்துட்டுப் போங்க" என்றார் பாஸ்டரம்மா. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. தப்பித்தாயிற்று. திங்கட்கிழமை சோபா கடைக்கு வந்துவிடும், பாட்டிலும் கைக்கு வந்துவிடும், ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. எதிரே நாற்காலியில் இருந்த மனைவி அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். இவரும் புன்னகைத்துவைத்தார்.

பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் கண்ணை மூடிக் கைதட்டிப் பாடினார்கள். அந்தச் சத்தத்தில் டிரைவர் இவர் காதருகே குனிந்தார்.

"அண்ணே, பாதி பாட்டில் இருக்கும்போல."

சோபாக்காரர் திருதிருவென விழித்தார்.

"பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இருபது வருஷமா கேக்கற சத்தம்ணே, எனக்குத் தெரியாதா?" டிரைவரின் பேச்சில் கிண்டல் இல்லை. இருந்திருந்தாலாவது தாங்கியிருக்கலாம். "நீங்க சாட்சி சொன்னதை என் வீட்டுக்காரி போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்து, போன வாரம் போட்டுக் காட்டினா. அதைக் கேட்டுத்தான் நாலு நாளா தொடாம இருக்கேன். கை நடுங்கறப்பல்லாம் அதைத்தான் போட்டுக் கேக்கறேன்." கொஞ்ச நேரம் கையைத் தட்டிவிட்டு, "உங்களாலயே முடியலைன்னா எனக்கெல்லாம் எங்கண்ணே முடியப்போகுது? பரவால்ல விடுங்க" என்றார். வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை சோபாக்காரருக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் முடிந்ததும் கால் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போடுகிற பார்வை.

பாட்டு முடிந்தது. "ஜெபிங்க பிரதர்" என்றார் பாஸ்டர். டிரைவர் தலையைக் குனிந்து காட்டினார். அந்தத் தலையில் இவர் கையை வைத்தார். கட்டுகளை அறுத்துப்போடும், கண்ணீரைத் துடையும் என்று சபையில் சொல்கிற வார்த்தையெல்லாம் இவருக்கு மனப்பாடம். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அந்த மனுஷனின் தலை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நாலு நாள் குடிக்காதவனின் நடுக்கம். இவருக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. இந்த அறையிலேயே சுத்தமான ஆள் அவர்தான், அவர் தலையில் கைவைக்க நான் யார்?

"ஆண்டவரே" என்றார். குரல் உடைந்தது. "நான் பொய் சொல்லிட்டேன். என்னால தனியா எழுந்திரிக்க முடியல. கையைக் குடுங்க."

யாரோ பழக்கத்தில் ஆமென் என்றார்கள். சோபாக்காரர் டிரைவரின் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க" என்றார். டிரைவரை எழுப்பி சோபாவைக் கவிழ்த்தார். சாவிக்கொத்தில் எப்போதும் தொங்குகிற சின்ன ஸ்க்ரூடிரைவரால் மச்சான் அடித்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார். பாவி, இருபதும் இறுக்கமாகத்தான் அடித்திருந்தான்! பின்கள் தரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. துணியை விலக்கிக் கையை உள்ளே விட்டுப் பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இது என்னோடது. ஒரு மாசமா குடிக்கிறேன். இன்னைக்குக் காலையில, இது இல்லைன்னு பிராந்திக் கடைக்குப் போயும் குடிச்சேன்."

"ஐயோ, என் சோபாவுலயா!" என்று பாஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

சோபாக்காரர் தன் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. "பல்வலி?" என்று அவள் குரல் மட்டும் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை. அவர் தலையாட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கித் தெருவில் மறைந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது அவருக்கு.

பாஸ்டர் குனிந்து தரையில் கிடந்த பின்களைப் பொறுக்கினார். பிறகு, "முப்பத்து மூணு நாள்ல உங்க கையில மைக்கைக் குடுத்தது நான்தான். அது என் தப்பு" என்றார். பாஸ்டரம்மா பாட்டிலைக் கொண்டுபோய் மூக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டியில் ஊற்றினார். அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டபோதும் இவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அதைவிடக் கேவலம் வேறு உண்டா?

அப்போது அந்த டிரைவர் கவிழ்ந்துகிடந்த சோபாவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். சட்டையைப் பிடித்து இவரையும் கீழே இழுத்தார். "சாமி, எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "இந்த அண்ணனும் நானும் ஒரே கேஸு. ரெண்டு பேரையும் சேத்தே பாத்துக்கோங்க. அவ்வளவுதான்." சோபாக்காரர் பத்துப் பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த வாரம் லேசில் போகவில்லை. பாஸ்டர் டாக்டரிடம் கூட்டிப்போனார், மாத்திரை கொடுத்தார்கள். மனைவி நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், பேச்சு மட்டும் கிடையாது. சாயங்கால ஜெபத்தில் அவருக்கான ஸ்தோத்திரமும் நின்றுபோயிற்று. கிராம்பு டப்பா எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை.

கடையில் பதினோரு மணி ஆனால் உடம்பு அவரைக் கேட்காமலே நடுங்கும். அப்போது வேலையைப் போட்டுவிட்டு, பாதி தைத்த நாற்காலியில் நெற்றியை வைத்து முழங்காலில் நிற்பார். நீளமான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, மணி பதினொண்ணு. கூட இருங்க." அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். மூன்றாம் நாள் அரைமணி நேரம் சொன்னார். இடையில் ஒருமுறை எழுந்து தெருமுனை வரை போயும் விட்டார். அங்கே நின்று அதையே சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். மச்சான் ஒன்றும் காதில் விழாதது மாதிரி சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டே இருப்பான். நாலு மணிக்கு டிரைவர் போன் பண்ணி, "அண்ணே, நான் இன்னும் ஸ்டெடி. நீங்க?" என்பார்.

மறு ஞாயிறு, குடிக்காமல் இருக்கிற எட்டாவது நாள். மனைவியும் அவரும் ஒரே ஸ்கூட்டரில், பேசாமல் சபைக்கு வந்தார்கள். அவள் விறுவிறுவென்று முன்னால் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண்கள் மெல்ல ஒதுங்கியதும், ஒருத்தி இன்னொருத்தி காதில் ஏதோ சொன்னதும் பின்னாலிருந்து அவருக்குத் தெரிந்தது. எல்லாம் நான் செய்த வேலை என்று நெஞ்சு எரிந்தது. கதவோரம் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

ஆராதனை பாதி நடக்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவள் எழுந்து நிற்பது தெரிந்தது. வீட்டுக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தார். அத்தனை பேரும் பார்க்க, நடுவழியில் நடந்து பின்னால் வந்தாள். வந்தவள் அவரைத் தாண்டிப் போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க ஃபேன் இல்லையே" என்றார். அந்த நேரத்தில் மனுஷனுக்கு வாயில் வந்தது அதுதான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தம்பி சொன்னான்" என்றாள். "மணி பதினொண்ணு ஆச்சு. முழங்கால் போடுங்க."

அவர் முழங்கால் போட்டார். பக்கத்தில் அவளும் போட்டாள்.