விரல் நீட்டிச் சொன்ன இங்கிலீஷ்

சிக்னல் பச்சை என்றால் வெள்ளைக் கையுறை போட்ட விரலை அதை நோக்கி நீட்டி, "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கதவு மூடினால் அதற்கும் அப்படித்தான். பார்த்தேன் என்று மனசுக்குள் நினைத்தால் போதாது. ஜப்பான் ரயில்வேயில் அதுதான் விதி. பதினெட்டு வருஷமாக அங்கே ஒரு கடலோர ரயிலில் கார்டாக இருக்கும் தொமோயோவுக்கு, வீட்டில் அடுப்பை அணைத்தாலும் விரல் தானாக எழும்.

அந்த வசந்தத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பெருகினார்கள். இனி இங்கிலீஷிலும் அறிவிப்பு வேண்டும் என்றது நிர்வாகம். தேன் ஒழுகும் குரல் ஒன்றைப் பதிவு செய்து வாங்கியும் வைத்துவிட்டது. அது வண்டியில் ஏறினால் ஜப்பானிய அறிவிப்பும் அதனிடமே போய்விடும். தன் வண்டியில் தொமோயோ வாய்மூடி நிற்க வேண்டியதுதான். நானே சொல்கிறேன் என்று எழுதிக் கேட்டாள். ஒரு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து அதிகாரி மினகாவா வந்து கேட்பார், தேறினால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

ஓட்டுநர் ஓயிகாவா தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "உன் இங்கிலீஷைக் கேட்டா தண்டவாளத்துல நிக்கிற மான்கூட ஓடிப்போயிடும். நமக்கு நல்லதுதான்."

அவளும் சிரித்தாள். உள்ளே சுருக்கென்றது.

இங்கிலீஷில் தினமும் நடப்பதற்கு ஒரு மாதிரி சொல்ல வேண்டும், இந்த நொடி நடப்பதற்கு வேறு மாதிரி. புத்தகம் திறந்திருக்கும்வரை புரிந்தது. மூடினால் இரண்டும் குழம்பின. ஒரு காலை கதவை மூடும்போது விரல் நீண்டது; கூடவே, "டோர் இஸ் குளோசிங்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வித்தியாசத்தை அங்கேயே பிடித்துக்கொண்டாள். கையில் கால அட்டவணையை வைத்துக்கொண்டு சொல்வதெல்லாம் தினசரி வழக்கம். விரல் நீட்டிச் சொல்வதெல்லாம் கண்முன் நடப்பது.

அன்றிலிருந்து நாய் தூங்கினாலும் மழை பெய்தாலும் விரல் நீட்டி இங்கிலீஷில் சொன்னாள். ஒரு நாள் அடுப்பங்கரையில் அவள் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் கணவர் ஓடிவந்தார். "மீன் கருகுதுன்னு நம்ம பாஷையில சீக்கிரமாச் சொல்லியிருக்கலாம்ல?"

மினகாவா வந்த நாளில் இரண்டு நிலையங்களைப் பிழையில்லாமல் சொன்னாள். குரல் மட்டும் விறைத்திருந்தது. அவர் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. சுரங்கப்பாதையைத் தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றது. தண்டவாளத்தில் மான், ஊதினாலும் நகரவில்லை என்று ஓயிகாவா போனில் சொன்னார்.

வெளிநாட்டுப் பெண் ஒருத்தி குழந்தையை அணைத்தபடி எழுந்து நின்றாள். என்ன ஆயிற்று என்று மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேன் குரலில் இதற்கான பதிவு கிடையாது. மினகாவா, "நம்ம பாஷையில மட்டும் சொல்லிடுங்க, போதும்" என்றார்.

தொமோயோ நேரே வண்டியின் முன்பக்கம் நடந்தாள். அங்கிருந்த ஒலிவாங்கியை எடுத்தாள். முன் கண்ணாடி வழியே தெரிந்த மானை நோக்கி விரலை நீட்டினாள்.

"எ டீர் இஸ் ஸ்டாண்டிங் ஆன் தி லைன். வீ ஆர் வெயிட்டிங்."

எல்லாத் தலைகளும் அந்த விரலைத் தொடர்ந்து திரும்பின. மான் புல்லை மென்றது, மெல்கிறது என்றாள். காதை ஆட்டியது, ஆட்டுகிறது என்றாள். குழந்தையும் தன் குட்டி விரலை நீட்டி அவள் சொன்னதையே சொன்னது. பெட்டி முழுக்கச் சிரிப்பு. நின்றிருந்த பெண் உட்கார்ந்தாள். மான் சாவகாசமாகப் புதருக்குள் இறங்கியது, அதையும் சொன்னாள். அப்புறம் அட்டவணையைக் கையில் எடுத்து, இந்த வண்டி அடுத்து எங்கே நிற்கும் என்பதை, தினமும் நிற்கிற மாதிரியே, நிதானமாகச் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள்.

இறங்கும்போது மினகாவா குறிப்பேட்டை மூடினார். பதிவுக்குரல் அலமாரியிலேயே இருக்கட்டும், நாளையிலிருந்து நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஓயிகாவா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மான் ஓடவே இல்லையே."

"முழுசாக் கேட்டுட்டுத்தான் போச்சு" என்றாள் தொமோயோ. சிக்னல் மாறியது. விரலை நீட்டி, என்றைக்கும் இல்லாத சத்தத்தில் சொன்னாள்: "பச்சை."