கூடுதல் முன்விளக்கம்

தப்பு என்னுடையதுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினேழு வருஷம் ஒரே அலுவலகத்தில் தட்டச்சு அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் என்னைச் சொல்லுங்கள். எங்கள் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது விளக்கம் கேட்டுக் கடிதம் போகும். ஐந்து நிமிஷம் தாமதமா, விளக்கம் கொடு. பதிவேட்டில் டீ கொட்டிவிட்டதா, விளக்கம் கொடு. ‘விளக்’ வரைக்கும்தான் நான் அடிப்பேன். மீதியை என் விரல்களே பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் என் வீட்டுக்காரர் விழுந்ததில் ஆரம்பித்தது. அவரும் எங்கள் அலுவலகம்தான். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் அளவு குறித்து வருகிற இருபத்திரண்டு பேரில் ஒருவர். ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். சைக்கிளில் போகிறவர்கள்கூட அவரை முந்திக்கொண்டு போவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரு நாள் சாயங்காலம் வளைவில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். எதிரே வந்த வண்டியில் கூடுதலாக மாட்டியிருந்த விளக்கு கண்ணைக் கூசவைத்துவிட்டது என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வண்டிக்காரனை நான் திட்டிய திட்டில் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. வண்டிச் சாவியைக் கையில் கொடுத்தால் சூடான பாத்திரத்தை வாங்குவதுபோல வாங்கி உடனே கீழே வைத்தார். அதற்குள் கடிதம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் ஒரு நாளாவது வண்டியேறி முழுச் சுற்றும் போய் வராவிட்டால் கிடங்கு வேலைக்கு மாற்றம். கிடங்கு எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? பஸ்ஸில் ஆறு மணி நேரம். வாரத்துக்கு ஒரு நாள் வருவார், மீதி ஆறு நாள் நான் யாரோடு சண்டை போடுவது? சிரிக்காதீர்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு குரல், அதில் ஒன்றரை என்னுடையது.

“முன்னாடி ரெண்டு லைட்டு எச்சா மாட்டி, பம்பரும் வச்சுக் குடுத்தா ஏறுறேன்” என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதிகாரியிடம் போய் நின்றேன். அலுவலக வண்டியில் ஓர் ஆணி அடிக்கக்கூட உத்தரவு வேண்டும். அதிகாரி ஊழியர் சங்கத் தலைவரையும் கூப்பிட்டார். கூப்பிட்டிருக்கக் கூடாது.

“லைட்டு போட்டா எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும் சார். இவரு விழுந்ததே அப்படித்தானே?” என்றார் தலைவர்.

“இவரு வண்டியிலயும் லைட்டு இருந்திருந்தா அவன் இவரப் பாத்திருப்பான்ல?” என்றார் அதிகாரி.

“அப்ப ரெண்டு பேருக்கும் கண்ணு கூசி ரெண்டு பேரும் விழுவாங்க.”

“விழட்டும்யா. பம்பர் தாங்கும்.”

“பம்பருக்குள்ள காலு மாட்டிக்கிட்டா?”

“மாட்டுன காலு வேற எங்கயும் போய் அடிபடாதுல்ல?”

இப்படியே ஒன்றரை மணி நேரம். கடைசியில் இருபத்திரண்டு வண்டிக்கும் ஒரு மாதம் மாட்டிப் பார்த்து, விபத்து குறைகிறதா என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதாக முடிவானது. நான் சந்தோஷத்தில் ஓடிவந்து உத்தரவை அடித்தேன். எங்கள் அதிகாரிக்குப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அபாரத் திறமை. “அனைத்து மோட்டார் சைக்கிள்களிலும் பம்பரும் கூடுதல் முன்விளக்கமும் பொருத்தப்பட வேண்டும்” என்று முத்திரையோடு இருபத்திரண்டு பேர் கைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் சங்கத் தலைவர் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்.

“விளக்கா, விளக்கமா?” என்று கேட்டார்.

‘விளக்’குக்கு மேல் மீதியை என் விரல்களே பார்த்துக்கொண்டிருந்தன. அதிகாரியிடம் ஓடினேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, இத மாத்தணும்னா படிக்காம ஏன் கையெழுத்துப் போட்டன்னு மேல இருக்கறவங்க என்கிட்ட விளக்கம் கேப்பாங்களே?”

“ஆமா சார்.”

“அப்ப விளக்கமே இருக்கட்டும்.”

இருந்தது. மறுநாளே வெல்டர் வந்து வண்டிகளுக்கெல்லாம் பம்பர் வைத்து, அதன்மேல் ஆளுக்கொரு தகரப் பலகையும் பொருத்தினார். பலகையில் என்ன எழுதுவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர், ‘நான் நேராகப் போகிறேன்’ என்று எழுதினார். இன்னொருவர், ‘எனக்கு வலது காது கேட்காது, இடது பக்கம் ஹாரன் அடிக்கவும்’ என்று எழுதினார். மாமியார் வீட்டோடு மனஸ்தாபத்தில் இருந்தவர் அதைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தார். என் வீட்டுக்காரருக்கோ பலகையைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் ஊறியது. “இது லைட்ட விட நல்லாருக்கும்மா. நாம என்ன செய்யப் போறோம்னு எதிர்ல வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடலாம்ல?” என்று உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

‘மதிப்பிற்குரியவர்களே, வணக்கம். நான் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. அடுத்த தெருமுனையில் இடது பக்கம் திரும்ப உத்தேசித்துள்ளேன். உத்தேசம் மாறினால் நின்று தெரிவிப்பேன். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’ இவ்வளவையும் குண்டு குண்டாக எழுதி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளம்பியேவிட்டார். நான் வாசலில் நின்றபடி தலையில் அடித்துக்கொள்வதா, கையைத் தட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

நம்பினால் நம்புங்கள், விபத்து நின்றுபோனது. இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட விழவில்லை. எப்படி விழுவார்கள்? எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் வீட்டுக்காரரை நடுரோட்டில் மறித்து, ‘இடதுப் பக்கம்’ என்று ஒற்றுப் போடக் கூடாது, ‘இடது பக்கம்’தான் சரி என்று சொல்ல, பலகையிலும் அப்படித்தானே இருக்கிறது என்று இவர் காட்ட, அப்படியானால் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டே போனாராம். முன்னால் போகிறவர்கள் பின்னோக்குக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்து திரும்பித் தெரிகிறதே என்று இவருக்கு அடுத்த கவலை. இரண்டாவது பலகையில் எல்லாவற்றையும் இடவலமாகத் திருப்பி எழுதினார். அது என்ன பாஷை, எந்தத் தேசத்தில் பேசுகிறார்கள் என்று ஜனங்கள் கூட்டமாக நின்று கேட்டார்கள்.

அந்தி வேளையில் பலகை படிக்க முடியவில்லை என்று புகார் வந்தபோது, அதற்கு வெளிச்சம் வேண்டுமென்று இரண்டு விளக்கு மாட்ட அதிகாரி உத்தரவு போட்டார். கடைசியில் விளக்கும் வந்துவிட்டதே என்று நான் குளிர்ந்துபோனேன். ஆனால் விளக்கத்தைப் பார்த்துத்தானே விளக்கு எரிய வேண்டும்? அதனால் முன்னால் ஒரு கம்பி நீட்டி, பின்பக்கம் பார்த்தமாதிரி மாட்டினார்கள். ஓட்டுகிறவர் கண்தான் கூசியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். பம்பரும் சும்மா இருக்கவில்லை. முன்னால் ஒன்று, காலுக்கு இரண்டு, பின்னால் ஒன்று என்று வளர்ந்து, என் வீட்டுக்காரர் வண்டி எங்கள் வீட்டு கேட்டுக்குள் நுழையவில்லை. சந்துகளுக்குள்ளும் நுழையவில்லை. முனையில் நிறுத்திவிட்டு நடந்தே போனார். தினமும் எண்பது மீட்டர் பார்த்தவர் பத்தொன்பது பார்த்தார். முழுச் சுற்று எங்கே முடியும்? எனக்கு மறுபடியும் கிடங்கு நினைப்பு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ‘நேராகப் போகிறேன்’காரர் ஒரு நாள் திடீரென்று வலது பக்கம் திரும்ப, அவர் எழுத்தை நம்பி வந்த ஒரு பெண்மணி சாக்கடைக்குள் வண்டியை விட்டார். நல்லவேளை, அடி ஒன்றுமில்லை. கோபம்தான். புகார் வந்ததும் அதிகாரி அடுத்த உத்தரவு போட்டார். “வண்டியில் பொருத்தப்படும் விளக்கம் முழுக்க முழுக்க உண்மையாக இருத்தல் வேண்டும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.” இந்தத் தடவை ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். மூன்றாம் நாள் காலை அலுவலக முற்றத்தில் அவர் வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வழக்கமாகச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய எழுத்தெல்லாம் அழிந்து, பலகையில் புதிதாக எழுதியிருந்தது:

‘நான் விழுந்தது எதிரே வந்த விளக்கால் அல்ல. எதிரே வண்டியே வரவில்லை. என் மனைவியிடமிருந்து போன் வந்தது. ஐந்தாவது தடவை. எடுக்காவிட்டால் வருத்தப்படுவாள் என்று ஒரு கையால் ஓட்டிக்கொண்டே எடுத்தேன். பிழை என்னுடையது. என்னைப் பார்த்து விலகிச் செல்லவும்.’

எனக்கு அந்தப் போன் நினைவிருந்தது. குளியலறை லைட்டை அணைக்காமல் போனது யார் என்று கேட்கத்தான் பண்ணினேன். ‘நான் இல்லம்மா, நீதான்’ என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என்னிடமே பாதிப் பேச்சில் வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று கொதித்துப்போய் இன்னும் இரண்டு தடவை பண்ணினேன். அவர் அப்போது ரோட்டில் கிடந்திருக்கிறார். பக்கத்தில் என் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வாய் என்று ஒன்று இருக்கிறதே எனக்கு, அது அப்போதும் சும்மா இருக்கவில்லை. “ஊருக்கே எழுதித் தொங்க விடுவீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?” என்று கத்தினேன்.

“சொன்னா நீ உன்னையே திட்டிக்குவ” என்றார். “உன் திட்ட என்னாலயே தாங்க முடியல. நீ எப்படிம்மா தாங்குவ?”

பதினேழு வருஷத்தில் முதல் தடவை அந்த முற்றத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதிகாரி வந்து கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “அப்ப லைட்டே காரணம் இல்லையா? லைட்டுக்காகத்தானேய்யா இவ்வளவு பெரிய ஃபைலு?” என்று சங்கத் தலைவரிடம் அழாத குறையாகக் கேட்டார். கூடுதல் விளக்கும் பம்பரும் காப்பாற்றுமா, காப்பாற்றாதா என்று மேலிடத்துக்கு என்னதான் எழுதுவது? “இவங்க போனத்தான் சார் வண்டியிலிருந்து கழட்டணும்” என்றார் தலைவர் என்னைக் காட்டி. யாரும் சிரிக்கவில்லை, அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. அன்று மத்தியானமே வெல்டர் வந்து இருபத்திரண்டு வண்டியிலும் எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார். பொய் சொன்னதற்கு என் வீட்டுக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. முழுச் சுற்றுக்குக் கொடுத்த கெடுவில் பாக்கி இருந்தது ஒரே நாள்.

மறுநாள் காலையில் பம்பரும் பலகையும் இல்லாமல் வண்டி உரித்த கோழிபோல நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏறமாட்டார் என்றே நினைத்தேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். போய்விட்டார்.

நான் போனைத் தட்டச்சு மேசையின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். பத்து மணிக்குக் கை அரித்தது. பன்னிரண்டு மணிக்கு, சாப்பிட்டாரா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றியது. சாவியை எடுத்துப்போய்ச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மன்னிச்சுக்குங்க என்று சொல்லத்தான் உயிர் துடித்தது. அதையும் அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதா சொல்வது?

மூன்று மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். முகம் வெளிறிப்போய் உள்ளே ஓடிவந்தார்.

“என்னாச்சும்மா? உடம்பு ஏதாவது பண்ணுதா?”

“எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்.”

“காலையிலேர்ந்து ஒரு போனும் வரலையே! மூணு தடவ நிறுத்தி எடுத்துப் பாத்துட்டேன். போனு நல்லாத்தான் இருக்கு. அப்ப நீதான் நல்லா இல்லன்னு பயந்துட்டேன்.”

“ஓரமா நிறுத்தினீங்களா?”

“ஓரமாத்தான்.”

“ஸ்டாண்டு போட்டு?”

“ஸ்டாண்டு போட்டு, இறங்கி நின்னுதான் பாத்தேன்.”

இன்னும் இருபத்தேழு வீடு பாக்கி என்றார். “போய் முடிச்சுட்டு வாங்க. நான் போன் பண்ண மாட்டேன்” என்றேன். வாசல் வரைக்கும் போனவர் நின்றார். “ஒரே ஒரு தடவ பண்ணு. நான் நிறுத்திட்டு எடுக்குறேன்” என்றார்.

அரை மணி கழித்துச் சாவியை வாங்கி இழுப்பறையைத் திறந்து, பண்ணினேன். அடித்துக்கொண்டே இருந்தது. இந்நேரம் வேகத்தைக் குறைத்திருப்பார். இந்நேரம் ஓரம் கட்டியிருப்பார். இந்நேரம் ஸ்டாண்டு போட்டிருப்பார். எடுக்க ஆளில்லாமல் அடித்து ஓய்ந்துபோயிற்று. மறுபடி பண்ண நீண்ட விரலை மடக்கி, உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார்.