முதல் பீரியட் இல்லாத பியூலா

பொருநைப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பது ஃபஹ்மிதாவின் வேலை. இந்த வேலையைப் பார்த்து நல்ல பேர் வாங்கியவர் எவரும் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை யார் தலையில் கட்டினாலும் அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஃபஹ்மிதா அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். அவள் பார்த்துப் பார்த்து நேரம் போடுவது ஒரே ஓர் ஆளுக்குத்தான். அந்த ஆள் ஊரிலேயே இல்லை என்பதுதான் விஷயம்.

பியூலா. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேசையைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள். கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலானபோது பியூலாவும் அங்கே நொய்யல் பல்கலைக்கழகத்தில் வேலை தேடிக்கொண்டாள். போன இடம் சரிப்படாவிட்டால் திரும்பி வரலாம் என்று பழைய வேலையைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அதைச் செய்துவிட்டுத்தான் போனாள். ஜங்ஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

“ஏட்டி, ரெண்டே வருஷந்தான். எம் இடத்த யாருக்கும் குடுத்திராத.”

ஃபஹ்மிதா கொடுக்கவில்லை. பஸ்ஸில் கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் பியூலாவுக்கு என்று இருந்த பழக்கத்தில், இன்றுவரை உள்பக்கமாகவே உட்காருகிறவள் அவள். துறையிலும் அப்படித்தான். மேலப்பாளையத்திலிருந்து வரும் கௌரவ விரிவுரையாளர் நஸீமாதான் பியூலாவின் வகுப்புகளை எடுத்தாள். அட்டவணையில் பெயர் மட்டும் பியூலா என்றே இருந்தது. அது துறையின் வழக்கம்தான். பெயரை எடுத்தால் மேலிடத்தில் பணியிடத்தையே ரத்து செய்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

ஆனால் ஃபஹ்மிதா வழக்கத்தையும் தாண்டிப் போனாள். பியூலா பாளையங்கோட்டையில் சபைப் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். காலையில் வெயில் ஏறும்வரை அவளுக்குத் தொண்டை திறக்காது. மீறிப் பாடம் எடுத்தால் குரல் கட்டிக்கொள்ளும். அதனால் இந்த இரண்டு வருடமும், ஊரில் இல்லாத பியூலாவுக்கு ஃபஹ்மிதா முதல் பீரியட் போட்டதே இல்லை. யாராவது கேட்டால் சிரிப்பார்கள் என்று வெளியே சொன்னதும் இல்லை.

இந்த மாதம் வந்தது வினை. நொய்யல்காரர்கள் தங்கள் பணிச்சுமை மென்பொருளைப் பொருநையோடு பகிர்ந்துகொண்டார்கள். இனி இரண்டு இடத்து ஆசிரியர்களின் வகுப்புகளும் ஒரே திரையில். இணைத்த அன்றே பியூலாவின் வரி சிவப்பாகிவிட்டது. ஒரே பெண் இரண்டு ஊரிலும் முழுப் பாரம் சுமக்கிறாள் என்று மென்பொருள் நம்பிவிட்டது, பாவம். ஏதாவது ஓர் இடத்தில் பெயரை நீக்கும்வரை, நொய்யல் பக்கத்து நேரங்களை ஃபஹ்மிதாவுக்குக் காட்டவும் மறுத்தது. பியூலாவுக்கு மட்டும் தன் இரண்டு பக்கமும் தெரியும்.

துறைத்தலைவர் தாணுமாலையன் மேசைக்கே வந்துவிட்டார்.

“அந்தப் பிள்ளைட்ட கேட்டிரும்மா. வருதாளா இல்லையா? இன்னைக்குள்ள முடிக்கச் சொல்லுதாங்க.”

“ரெண்டு வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கே சார்.”

“இருக்கட்டும். நஸீமாவ நெனச்சுப் பாரு. தொண்ட கிழிய பாடம் எடுக்கது அவ, பேரு இன்னொருத்திக்கு. இனிமே அனுபவச் சான்றிதழும் இதுல இருந்துதான் வருமாம். பேரே இல்லாதவளுக்கு என்னத்த வரும்?”

ஃபஹ்மிதாவுக்குச் சுருக்கென்றது. நஸீமாவைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. யோசித்ததெல்லாம் பியூலா திரும்பி வந்து எதிரே உட்கார்ந்து, கேட்காமலே தன் டிபன் பாக்ஸைத் திறக்கப்போகும் அந்த நாளைத்தான். வருகிறாயா என்று கேட்டால்தானே வரவில்லை என்று சொல்ல முடியும்? அதனால்தான் போனில் உலகத்துக் கதையெல்லாம் பேசியும் இதை மட்டும் அவள் கேட்கவே இல்லை.

முதலில் நஸீமாவைக் கூப்பிட்டு, எந்த நேரம் வேண்டும் என்று கேட்டாள். நஸீமா நம்பாமல் பார்த்தாள். இதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“முதல் பீரியட் கெடச்சா நல்லாருக்கும் மேடம். பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நேரா வந்திருதேன். ரெண்டாவது பீரியட் வரைக்கும் இங்கன சும்மாத்தான இருக்கேன்.”

அவள் போன பிறகு ஃபஹ்மிதா போனை எடுத்தாள்.

“என்னட்டி, இன்னும் சளி போகலியா? கொரலே சரியில்ல.”

“அது கெடக்கு,” என்றாள் பியூலா. “செவப்பா வந்திருக்கத பத்தித்தான பேசப்போற?”

“பாத்தியா?”

“தெனமும் பாக்குதேன். பேர எடுக்க எனக்கும் பொத்தான் இருக்கு. ஆனா ஒரு நாளுகூட எனக்கு முதல் பீரியட் போடாம வச்சிருக்கியேட்டி. அதப் பாத்த பொறவு எப்படி அழுத்த? நீயே எடுத்திருவன்னு இருந்தேன்.”

“அப்ப நீ வரல.”

“அவருக்கு இங்கனயே நிரந்தரமாயிட்டு. பிள்ளைகளும் பழகிட்டு. எப்படிட்டி வர?”

ஃபஹ்மிதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பியூலாவின் பெயரை எடுத்துவிட்டு நஸீமாவின் பெயரை அடித்தாள். நேரத்தையும் முதல் பீரியடுக்கு மாற்றினாள். சிவப்பு போய்விட்டது. அதுவரை மூடிக் கிடந்த நொய்யல் பக்கம் திறந்துகொண்டது.

பியூலாவின் வாரம் அங்கே இருந்தது. திங்கள் முதல் பீரியட். செவ்வாய் முதல் பீரியட். ஃபஹ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளிவரை ஒரு நாள் விடாமல் முதல் பீரியட்.

“ஏட்டி, என்னதிது? ஒன் தொண்ட என்னத்துக்காவும்? அங்க ஒருத்தருட்டயும் சொல்லலியா?”

அந்தக் கட்டிய குரல் இன்னும் கரகரத்தது.

“சொன்னேன். எல்லாருக்கும் ஒண்ணுதான்னுட்டாங்க. இங்கன எனக்கு யாருட்டி இருக்கா, பாத்துப் போட?”