பாறை இல்லாத பூ

என் மனைவி சூயின் கடைசியாக வரைந்த படம் எங்கள் ஹாங்சோ வீட்டுச் சுவரில் இரண்டு ஊசிகளில் தொங்கியது. வெறும் மை. விரிந்த ஷுவான் பூ ஒன்று. அதன் அடியில், குட்டைத் தண்டில், ஒரு மொட்டு. கீழே வெற்றுத்தாள்.

ஷுவான் தாய்க்கான பூ. கருவுற்ற பெண்கள் அந்தக் காலத்தில் அதை இடுப்பில் செருகிக்கொள்வார்களாம். ஆஸ்பத்திரியில் கர்ப்பம் உறுதியான அன்று மாலை சூயின் அதை வரைந்தாள்.

"முடிஞ்சுது. இதுக்கு மேல ஒரு கோடு போட்டாலும் கெட்டுடும்" என்றாள்.

மூன்று மாதம் தாண்டாமல் யாரிடமும் சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை. பதினோராவது வாரம், மழையில், அவள் ஸ்கூட்டரை லாரி அடித்தது. குழந்தை விஷயம் டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவள் இறந்த முப்பத்தைந்தாம் நாள், சடங்குக்குக் காகிதப் பணம் எரிக்க என் மாமியார் ஷாவோஷிங்கிலிருந்து வந்தார். எரித்துவிட்டுக் கை கழுவி, படத்தின் முன் வந்து நின்றார்.

"எனக்குத்தானே?"

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அடுத்த மாசம் எனக்கு அறுபது. அம்மா பூவ வேற யாருக்கு வரைவா? கள்ளி, மூச்சு விடல பாரு." மூக்கை உறிஞ்சினார். "இதோட காஞ்ச மொட்ட சூப்புல போட்டா ஒண்ணொண்ணா பொறுக்கி வெளிய வைப்பா. வரைய மட்டும் தெரியுது கழுதைக்கு."

பிறகு அவர் விரல் கீழே இறங்கியது. "பாறை எங்க?"

பிறந்தநாள் படமென்றால் பூவின் அருகில் பாறை இருக்க வேண்டும். பாறைதான் நீண்ட ஆயுள்.

"போடறதுக்குள்ள போயிட்டா. இடம் விட்டு வச்சிருக்கா பாரு, பெய்லின். நீயும் அவகூடப் படம் வரையப் படிச்சவன்தானே? நீ போடு."

"அவ படத்துல நான் கை வைக்கறது நல்லா இருக்காதும்மா."

"எனக்கு ஆயுசா கேக்கறேன்? அவ பாதியில விட்டத முடிச்சுக் குடுன்னுதான் கேக்கறேன்."

இது பாதி இல்லை என்று சொல்லலாம். எப்படி என்று கேட்பார். அவர் கண்கள் மகளுக்கு அழுதே வீங்கியிருந்தன.

மை அரைத்தேன். படத்தை இறக்கி மேசையில் விரித்தேன். மொட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் தூரிகையை வைத்தேன். மையில் தண்ணீர் கூடிவிட்டது. இந்தத் தாளில் ஊறத் தொடங்கிய மையை நிறுத்த முடியாது. மெதுவாக ஏறித் தண்டைத் தொட்டது. பிறகு மொட்டை. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"ஐயோ, மொட்டு போச்சே." என் தோளைத் தட்டினார். "போனாப் போகுது விடு. மொட்டுதானே. பூ நிக்குதில்ல?"

"ஆமாம்மா."

"இப்பத்தான் முழுசாச்சு."

ஈரம் சீக்கிரம் காயட்டும் என்று அவர் குனிந்து, மொட்டு இருந்த இடத்தில் வாயால் ஊதத் தொடங்கினார்.