கிழவனுக்கு வயது பத்து மாதம்

குழாய்த் தொழிற்சாலையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பவருக்குப் படக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய இரிடியம் துண்டு மிளகு அளவுதான். கனத்த பெட்டியிலிருந்து கம்பியால் வெளியே தள்ளினால் போதும், அதன் கதிர் இரும்பைத் துளைத்து ஃபிலிமில் விழும். எழுபத்து நான்கு நாளில் அதன் வீரியம் பாதியாகும். அடுத்த எழுபத்து நான்கு நாளில் அந்தப் பாதியிலும் பாதி.

புதிதாக வந்த துண்டுக்குப் புது மாப்பிள்ளை என்று பெயர். அதைப் பெட்டியிலிருந்து எடுத்தால் பக்கத்து அலுவலகத்தையே காலி செய்துவிடுவார்கள். பத்து மாதம் போனால் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அப்போது அது கிழவன். கிழவனை யார் மதிக்கிறார்கள்? கதிர் அளக்கும் மீட்டரைக்கூட அலமாரியிலிருந்து எடுப்பதில்லை. அலுவலகத்தில் இருப்பவர்களும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அது அவரே போட்ட கணக்கு.

அந்த அலுவலகத்தில், தகரத் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் எழுத்தர் அவர் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் கரு தங்கியிருக்கிறது, ஏழு வாரம். டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் மூன்று நாள் லீவு போட்டிருந்தார். இன்று காலையில் வேலைக்குத் திரும்பி, பெட்டியில் தொங்கிய, துண்டு வந்த தேதி பொறித்த தகட்டைப் பார்த்தார். அதே கிழவன். புதுசுக்கு ஒரு நிமிடம் போதும், கிழவனுக்குப் பதினாறு நிமிடம் என்று பன்னிரண்டு படம் எடுத்தார்.

சாயங்காலம் இருட்டறையில் முதல் ஃபிலிமைக் கழுவினார். கரிக்கட்டையாக வந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று மருந்தைத் திட்டினார். இரண்டாவதும் கறுப்பு. மூன்றாவதைக் கழுவாமலே கீழே வைத்தார். ஸ்டோர்காரரைப் போனில் பிடித்தார்.

"பெட்டிக்குள்ள இருக்கறது எது?"

"புதுசுங்க. நீங்க லீவுல இருந்தப்ப வந்து மாத்திட்டாங்க. புதுத் தகடு என் மேசையிலதான் கிடக்கு. மாட்டணும் மாட்டணும்னு நெனச்சு மறந்தே போயிட்டேன்."

மூன்று மணி நேரத்துக்கு மேல், தகரத்துக்கு அந்தப் பக்கம், ஐந்து எட்டு வைக்கும் தூரத்தில் மனைவி. பதினாறு மடங்கு. மிளகுத் துண்டு நாளாக நாளாகப் பாதியாகிக்கொண்டே போகும். அவள் உடம்பில் பட்டுவிட்டதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஃபிலிமை எறிந்துவிட்டு நாளைக்கு மறுபடி எடுத்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்படியும் நினைத்தார், வெட்கங்கெட்ட மனசு. ஆனாலும் கால் அவளிடம்தான் போனது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தகட்டின்மேல் இல்லை, மீட்டரை எடுக்காத தன்மேல்தான் என்பதையும் சொன்னார். அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு பட்டிருக்கும்?"

"என் கணக்கை இனிமே நானே நம்ப மாட்டேன்."

அவள் தலைக்குப் பின்னால், ஆணியில், கதிரைப் பதிவு செய்யும் சட்டை வில்லைகள் எட்டு தொங்கின. கிழவன் காலத்தில் அதையும் யாரும் குத்திக்கொள்வதில்லை. இன்று முழுக்க அவளுக்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அவற்றுக்கும்.

"இதைப் பரிசோதனைக்கு அனுப்பினா தெரியும்," என்றார்.

"எத்தனை நாள் ஆகும்?"

"பன்னெண்டு நாள். அதுக்கு முன்னாடி, இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாம்."

அவள் வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உறைக்குள் போட்டாள். எட்டையும் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"படம் எடுக்கறப்ப நீங்க எங்க நின்னீங்க?"



"தூணுக்குப் பின்னாடி."

"கான்கிரீட் தூணா?"

"ஆமா."

அவள் தலையாட்டினாள். உறையை ஒட்டி, மேலே தேதியை எழுதினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, அவருக்காகக் காத்திராமல் வெளியே நடந்தாள்.